பால் வாங்காத வீடு

என் அண்ணனின் இரண்டாவது மனைவியை அண்ணி என்று கூப்பிட எனக்கு வெகு நாள் வாய் வரவில்லை. முதல் அண்ணி மஞ்சள் காமாலையில் மௌத்தாகி வருஷம் திரும்புவதற்குள் வந்தவர். வயதிலும் என்னைவிடச் சின்னவர். அவர் முதல் நாளே என்னை அக்கா என்றார். நான் "வாங்க", "இந்தாங்க" என்று பெயரில்லாமலே ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு மத்தியானம் அவர் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிடும்போது இன்னும் ஒரு கரண்டி மீன் குழம்பு கேட்க வேண்டியிருந்தது. அண்ணி என்றுதான் வந்தது. அவர் திரும்பிப் பார்க்காமல் ஊற்றிவிட்டுப் போனார்.

இப்போது நினைத்தால் அவர் முகம் தெளிவாக வருவதில்லை. அடுப்பின் முன்னால் நிற்கும் முதுகுதான் வருகிறது. முந்தானையை இடுப்பில் செருகி, தலைத்துணியைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, கரண்டியால் சட்டியின் அடிவரைக்கும் கிளறுவார். அந்த வீட்டில் ஒரு வேளைக்கு ஒரு சோறு, ஒரு குழம்பு, ஒரு தொட்டுக்கை. யார் வந்தாலும் அதுதான். விருந்தாளிக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று அவர் சமைத்து நான் பார்த்ததில்லை.

பாலக்கரையில் ஒரு சந்துக்குள் மாடி வீடு. அண்ணன் சவூதியில் இருந்தார். வருஷத்துக்கு ஒரு மாதம் லீவு. நிக்காஹ் முடிந்து, லீவு முடிந்து, அவர் விமானம் ஏறிப் போனபின் அந்த வீட்டில் அண்ணியும் யாஸ்மினும் மட்டும். யாஸ்மின் முதல் அண்ணியின் மகள். அப்போது ஆறு வயது. நான் இரண்டு சந்து தள்ளிக் குடியிருந்தேன். அத்தாவின், அதாவது தகப்பனாரின், தங்கையை எங்கள் வீடுகளில் குப்பி என்போம். யாஸ்மினுக்கு நான் குப்பி.

அவள் தாய் போனதிலிருந்து யாஸ்மினைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் அவளுக்குப் பால் கொடுத்தார்கள். தாயில்லாப் பிள்ளையைப் பார்த்தால் வேறு என்ன செய்வதென்று யாருக்குத் தெரியும்? பக்கத்து வீட்டில் ஒரு டம்ளர், எதிர் வீட்டில் ஒரு டம்ளர். என் வீட்டுக்கு வந்தால் நானும் சீனி போட்டு ஆற்றிக் கொடுப்பேன். அண்ணன் தன் பங்குக்குச் சவூதியிலிருந்து பால் பவுடர் டின்னாக அனுப்பினார். பிள்ளை எல்லாவற்றையும் குடித்தது. குடித்துவிட்டு வயிறு உப்பிக்கொண்டு சுருண்டு படுத்தது. பள்ளிக்கூடத்தில் பாவாடையிலேயே போய்விடுகிறது என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். தாய் ஏக்கம் என்றார்கள். குடல்பூச்சி என்றார்கள். வயிற்றுக்கு எண்ணெய் தடவி ஓதி ஊதினார்கள்.

அண்ணி வந்த புதிதில் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு நாள் என்னிடம் வந்து, "அக்கா, இவளை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும், கூட வர்றீங்களா" என்றார்.

குழந்தைகளைப் பார்க்கிற ஓர் அம்மாள் ஸ்ரீரங்கத்தில் இருப்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள். பஸ்ஸில் போனோம். காலையில் யாஸ்மின் என் வீட்டில் பால் குடித்திருந்தாள். காவிரிப் பாலம் ஏறும்போதே வயிற்றைப் பிடித்துக்கொண்டு அண்ணியின் மடியில் முகத்தைப் புதைத்தாள். மாம்பழச்சாலையில் இறங்கி, தெரியாத ஓட்டல் ஒன்றில் கெஞ்சி, பின்கட்டுக்கு அழைத்துப் போனோம். அண்ணி அவளுக்குக் கால் கழுவிவிட்டு, தன் தலைத்துணியாலேயே துடைத்தார். பிள்ளைக்குக் கூச்சமாக இருக்கும் என்று என்னை வெளியே நிற்கச் சொன்னார்.

டாக்டர் அம்மாள் நெற்றியில் ஸ்ரீசூர்ணம் இட்டிருந்தார். வயிற்றைத் தட்டிப் பார்த்தார். என்ன சாப்பிடுகிறாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். "ரெண்டு வாரம் பாலும் பால்ல பண்ணினதும் கண்ணுலயே காட்டாதீங்கோ. அப்புறம் அழைச்சுண்டு வாங்கோ" என்றார்.

அந்த இரண்டு வாரத்தில் யாஸ்மினின் வயிறு இறங்கிவிட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து புகார் வரவில்லை. திரும்பப் போனபோது டாக்டர் விளக்கினார். "பால்ல ஒரு சர்க்கரை இருக்கும்மா. அது இவளுக்கு ஜீரணமாறதில்லை. பெரிய வியாதின்னு பயப்படாதீங்கோ, சில பேருக்கு உடம்பு அப்படி. பெருமாளுக்குப் பால்தான் நைவேத்யம், இவளுக்கு வேண்டாம். அவ்வளவுதான். நெய் துளி விட்டா ஒண்ணும் பண்ணாது. கேழ்வரகு, எள்ளு, முருங்கைக்கீரை குடுங்கோ. நீங்க மீன் சாப்பிடறவாதானே, முள்ளோட மெல்லற சின்ன மீனா குடுங்கோ. எலும்புக்குப் பலம் வரும்."

மறுநாளிலிருந்து அண்ணி அந்த வீட்டில் பால் வாங்குவதை நிறுத்திவிட்டார். கேட்டில் பால் பாக்கெட்டுக்காகத் தொங்கிய துணிப்பையைக் கழற்றி மடித்து வைத்தார். தயிர் உறை ஊற்றுகிற கிண்ணத்தில் புளி கரைத்தார். அண்ணன் அனுப்பிய டின்களை எதிர் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் கொடுத்தார்.

குழம்புக்கும் பாயசத்துக்கும் தேங்காய்ப்பால். பிரியாணிக்குத் தயிருக்குப் பதில் எலுமிச்சம்பழம். தொட்டுக்கொள்ள வெங்காயத்தை வினிகரில் ஊறவைத்துத் தருவார். நெத்திலிக் கருவாட்டைச் சுடுதண்ணீரில் அலசி, முள்ளோடு மொறுமொறுவென்று வறுப்பார். கேழ்வரகு அடையில் முருங்கைக்கீரை. பெருநாளைக்குச் சேமியாவைத் தேங்காய்ப்பாலில் காய்ச்சி, ஏலக்காய் தட்டிப் போட்டு, என் வீட்டு விருந்துக்கு ஒரு குண்டான் நிறையக் கொண்டுவந்தார். வந்தவர்கள் எல்லோரும் குடித்தார்கள். பாலில்லை என்று ஒருவருக்கும் தெரியவில்லை. யாஸ்மின் இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு மற்றப் பிள்ளைகளோடு மொட்டைமாடிக்கு ஓடினாள். அவள் அப்படி ஓடி அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

"அவளுக்கு மட்டும் தனியாச் செஞ்சா போதாதா அண்ணி? உங்களுக்கு ஒரு வாய் டீ வேணாமா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தனி சட்டி வெக்க மாட்டேன்" என்றார்.

பிறகு கருவாட்டைப் புரட்டிக்கொண்டே சொன்னார். "எங்க அம்மாவை அத்தா விட்டுட்டாங்க. அம்மா வேற கல்யாணம் கட்டிட்டுப் போனாங்க. நான் துவரங்குறிச்சியில எங்க பெரியத்தா வீட்டுல வளந்தேன். எனக்குன்னு ஒரு சின்ன சட்டி இருந்துச்சு. முந்தின நாள் சோறு அதுலதான் வரும். அந்த சட்டியைக் கழுவிக் கவுத்து வெக்கிற எடங்கூடத் தனி. அங்க நல்ல சோறும் ஆக்குவாங்க, வாசனை எனக்கு வரும்."

தன்னைப் பற்றி அவர் என்னிடம் சொன்னது அவ்வளவுதான்.

லீவில் வந்த அண்ணனுக்கும் பால் இல்லாத டீதான். முதல் நாள் முகம் சுளித்துக் குடித்தார். மறுநாள், "அவளுக்கு வேண்டாம்னா சரி. எனக்கு ஒரு பாக்கெட் வாங்கினா என்ன?" என்றார். அண்ணி, "அவ பாத்துக்கிட்டிருப்பா" என்று மட்டும் சொன்னார். அண்ணன் சண்டை பிடிக்கிறவர் இல்லை. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போய் டீ குடித்தார். சவூதியிலிருந்து வந்தவர் பெண்டாட்டி வீட்டில் இருக்கும்போதே கடையில் நின்று டீ குடிப்பதைச் சந்து முழுக்கப் பார்த்தது.

பேச்சு எங்கே தொடங்கியது என்று சொல்ல முடியாது. அந்த வீட்டுக்குப் போனால் ஒரு டம்ளர் பால் டீ கிடைக்காது என்றார்கள். பிறகு, மூத்தவள் பிள்ளைக்குப் பாலை நிறுத்திவிட்டாள் என்றார்கள். அத்தா அனுப்புகிற டின்னை ஊருக்குத் தானம் பண்ணுகிறாள் என்று டின்னை வாங்கிக்கொண்டவர்களே சொன்னார்கள். நான் அண்ணியிடம், "எல்லார்கிட்டயும் டாக்டர் சொன்னதை எடுத்துச் சொல்லுங்க" என்றேன்.

"சொன்னேனே. கேட்டவங்ககிட்ட ஒரு தடவை சொன்னேன்."

"இன்னொரு தடவை சொன்னா என்ன?"

"நம்புறவங்க ஒரு தடவையில நம்பிருவாங்க அக்கா. மத்தவங்களுக்கு நூறு தடவை சொன்னாலும் பொய் சொல்ற மாதிரிதான் இருக்கும்."

அவர் குணமே அது. எதையும் ஒரு முறைதான் சொல்வார். அதற்குமேல் தன் பக்கம் பேச அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். அவருக்காக நான் பேசினேன். நாத்தனாரையும் கைக்குள் போட்டுக்கொண்டாள் என்றுதான் பதில் வந்தது.

பேச்சு லால்குடிக்குப் போய்ச் சேர்ந்தது. யாஸ்மினின் தாய்மாமன் அங்கே அரிசிக் கடை வைத்திருந்தார். மாமு என்று யாஸ்மின் உயிரை விடுவாள். இறந்துபோன அக்காள்மேல் அவருக்கு அவ்வளவு பாசம். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். முழுப்பரீட்சை லீவு விட்ட வாரத்தில் வந்தார். படியேறும்போதே எதிர் வீட்டு வாசலில், அரபி எழுத்துப் போட்ட பால் டின்னில் கறிவேப்பிலைச் செடி வைத்திருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்.

நானும் அங்கே இருந்தேன். மாமு யாஸ்மினை மடியில் உட்காரவைத்துக்கொண்டார்.

"சின்னம்மா உனக்குப் பால் தராங்களாம்மா?"

"இல்ல மாமு."

"தயிரு?"

"இல்ல."

"ஐஸ்கிரீம் வாங்கித் தருவாங்களா?"

"இல்ல மாமு. வயிறு வலிக்கும்."

"வயிறு வலிக்கும்னு யாரு சொன்னா?"

"சின்னம்மா."

பிள்ளை உள்ளதைத்தான் சொன்னாள். மாமு அண்ணியை நிமிர்ந்து பார்த்தார். அண்ணி கதவோரம் நின்றிருந்தார்.

"அவளுக்குப் பால் சேராது. டாக்டர் சொன்னாங்க."

"எங்க குடும்பத்துல பால் சேராத ஆளு யாருமே கெடையாதுங்களே" என்றார் மாமு. குரலை உயர்த்தவில்லை. "எங்க அக்கா இருந்தவரைக்கும் சேந்துச்சு."

லீவுக்கு யாஸ்மினை லால்குடிக்குக் கூட்டிப்போவதாக மாமு சொன்னார். அண்ணி அண்ணனுக்குப் போன் போட்டார். "பத்து நாள்தானே, தாய்மாமன் கூப்பிடுறாரு, மறுக்க வேண்டாம்" என்றார் அண்ணன். அண்ணி எள்ளுருண்டையும் கேழ்வரகு மாவும் கட்டி, துணிமணியோடு வைத்து, யாஸ்மினுக்குத் தலை பின்னிவிட்டு அனுப்பினார். படி இறங்கும்போது மாமுவிடம், "பால் மட்டும் வேண்டாம்" என்றார். அதுவும் ஒரு முறைதான்.

பத்து நாள் ஒரு மாதமானது. பள்ளிக்கூடம் திறந்தும் பிள்ளை வரவில்லை. போன் போட்டால் நன்றாக இருக்கிறாள், தேறி வருகிறாள் என்றார்கள். யாஸ்மினிடம் கொடுக்கச் சொன்னால் தூங்குகிறாள் என்றார்கள். அண்ணி ஒருநாள் தனியாக லால்குடி பஸ் ஏறிப் போனார். வாசலிலேயே உட்காரவைத்து அனுப்பிவிட்டார்கள். உள்ளே பிள்ளை இருமுகிற சத்தம் கேட்டது என்று என்னிடம் வந்து சொன்னார். கொண்டுபோன டிபன் கேரியரை அப்படியே என் வீட்டு மேடையில் வைத்துவிட்டுப் போனார்.

அங்கே நடந்தது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. இளைத்த பிள்ளையைத் தேற்றுகிறோம் என்று மூன்று வேளையும் பசும்பால் கொடுத்திருக்கிறார்கள். பால்கோவா, கட்டித்தயிர், எல்லாம். வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. பாலாலே போகிறது என்று யாருக்கும் தோன்றவில்லை. சின்னம்மாக்காரி சோற்றில் மருந்து வைத்துவிட்டாள் என்று தோன்றியது. வைத்த மருந்தை எடுக்கிறவன் ஒருவன் சமயபுரம் தாண்டி ஏதோ ஊரில் இருந்தான். எந்த மதத்துக்காரர்களும் அவனிடம் போவார்கள். பிள்ளையை அவனிடம் கொண்டுபோனார்கள்.

அவன் ஏதோ பொடியைப் பாலில் கலக்கிக் கொடுத்து, யாஸ்மினைக் குனியவைத்து, தொண்டையில் விரல் விட்டு வாந்தி எடுக்க வைத்தான். அதில் மயிர் சுற்றிய கறுப்புக் கட்டி ஒன்று கிடந்தது. அதை வாழை இலையில் வைத்து யாஸ்மினிடம் காட்டினான். "பாத்துக்கம்மா. உன் சின்னம்மா சோத்துல வெச்சது. இதான் உன்னைய தின்னுக்கிட்டிருந்துச்சு" என்றான். இன்னும் மிச்சம் இருக்கிறது என்று மறுவாரமும் வரச் சொன்னான். மறுவாரமும் போனார்கள்.

மூன்றாவது தடவை போக வேண்டியிருக்கவில்லை. பிள்ளை நினைவில்லாமல் விழுந்துவிட்டாள். திருச்சிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். தென்னூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு மாமு எனக்குப் போன் போட்டார். நானும் அண்ணியும் ஆட்டோவில் போனோம். கையில் சலைன் ஏறிக்கொண்டிருந்தது. கன்னம் உள்ளே போய், உதடு காய்ந்து வெடித்து, ஏழு வயதுப் பிள்ளை கிழவி மாதிரி கிடந்தாள். கண்ணைத் திறந்தவள் முதலில் என்னைப் பார்த்தாள். பிறகு பின்னால் நின்ற அண்ணியைப் பார்த்தாள். கத்தக்கூட அவளுக்குத் தெம்பில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். ஊசி குத்தியிருந்த கையை இழுத்துப் போர்வைக்குள் ஒளித்தாள்.

ஆஸ்பத்திரி டாக்டர் எல்லோரையும் வைத்துக்கொண்டுதான் கேட்டார். பால் சேராது என்று ஸ்ரீரங்கத்தில் சொன்னதை நான் சொன்னேன். என்னென்ன கொடுத்தீர்கள் என்று மாமுவிடம் கேட்டார். வாந்தி எடுக்கக் கொடுத்த பொடியைப் பற்றிக் கேட்டபோது மாமு தரையைப் பார்த்தார். "பால் ஒத்துக்காத புள்ளைக்குப் பாலையும் குடுத்து, வாந்திக்கும் குடுத்திருக்கீங்க. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா நீங்க இங்க வந்திருக்க வேண்டியதில்ல" என்றார். மாமு சுவரில் சாய்ந்து சத்தமில்லாமல் அழுதார். அண்ணியிடம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

அண்ணி சொன்னது சரி என்று இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சந்தில் இருந்தவர்கள் பார்க்க வந்தார்கள். பாலில்லாத டீயைக் குடித்துவிட்டு நல்லாயிருக்கே என்றார்கள். அதனால் என்ன பிரயோஜனம்? யாஸ்மின் அண்ணி கையால் சாப்பிடவில்லை.

அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. தட்டை வைத்தால் வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "சின்னம்மா முதல்ல திங்கிறேன், பாரு" என்று அண்ணி அதே தட்டிலிருந்து எடுத்துத் தின்று காட்டினார். பிள்ளை அவர் தொண்டை அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறக்கவில்லை. என் வீட்டுக்குக் கூட்டிவந்தால் சாப்பிட்டாள். அதனால் மூன்று வேளையும் என் வீட்டில் சாப்பாடு, படுக்கை மட்டும் அங்கே என்றானது.

எனக்குச் சமையல் வரும். ஆனால் பால் படாத சமையல் பழகவில்லை. கை தவறி ஒருநாள் உப்புமாவில் மோர் விட்டுவிட்டேன், பிள்ளை இரவெல்லாம் துடித்தாள். மறுநாள் காலையில் யாஸ்மின் பள்ளிக்கூடம் போனதும் அண்ணி என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, நான் இங்க வந்து ஆக்கி வெச்சிட்டுப் போறேன். நீங்க ஆக்குனதாவே இருக்கட்டும்."

வேண்டாம் என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. தினமும் வந்தார். என் அடுப்பில், என் சட்டியில் சமைத்தார். பாதியைத் தூக்குவாளியில் ஊற்றித் தன் வீட்டுக்கு எடுத்துப்போய் அதைத்தான் தின்றார். சாயங்காலம் நான் பரிமாறுவேன். யாஸ்மின் விரலை நக்கிக்கொண்டு, "குப்பி, நீங்க சின்னம்மாவை விட நல்லா ஆக்குறீங்க" என்பாள். மறுநாள் அதை அண்ணியிடம் சொன்னேன். அவர் சிரித்த மாதிரி இருந்தது. அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டதால் சரியாகத் தெரியவில்லை.

பிள்ளை உடம்பு தேறியது. கன்னம் பூசினாற்போல் வந்தது. மழைக்காலம் வந்தது. ஒருநாள் அடைமழை என்று பள்ளிக்கூடத்தைச் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். எங்களுக்குத் தெரியாது. யாஸ்மின் நனைந்துகொண்டு நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டாள். அடுப்படி வாசலில் பையைக்கூடக் கழற்றாமல் நின்றாள். அண்ணி தேங்காய்ப்பாலை ஊற்றிக் கிளறிக்கொண்டிருந்தார்.

"குப்பி, இவங்களா ஆக்குறாங்க? தெனமுமா?"

அண்ணிதான் சொன்னார். "ஆமாம்மா. நான்தான்."

யாஸ்மின் கத்தவில்லை. திரும்பி வாசலுக்குப் போனாள். மழைத்தண்ணீர் ஓடுகிற இடத்தில் குந்தி உட்கார்ந்து, தொண்டைக்குள் விரலை விட்டாள். அந்த மனுஷன் பழக்கிக் கொடுத்தபடியே செய்தாள். ஒன்றும் வரவில்லை. காலையில் தின்றது எப்போதோ செரித்திருந்தது. மறுபடி விட்டாள். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். என் கையைக் கடித்தாள். அதற்குப் பிறகு சில நாள் என் வீட்டிலும் சாப்பிடவில்லை. கடையில் உடைக்காத பாக்கெட்டாக வாங்கி, அவள் கண் முன்னால் பிரித்துக் கொடுத்தால்தான் தின்றாள்.

அண்ணி அன்றைக்கு அடுப்பை அணைத்துவிட்டு, சட்டியை மூடிவிட்டு, பின்வாசல் வழியாகப் போனார். அண்ணனுக்கு அவரே போன் போட்டார். அண்ணன் வந்தார். "கொஞ்ச நாள் போனா புள்ளைக்குச் சரியாயிரும், நீ போக வேண்டாம்" என்று கெஞ்சியதை நான் கேட்டேன். ஜமாஅத்துப் பெரியவர்கள் இருவர் வந்து உட்கார்ந்தார்கள். எந்தத் தப்பும் இல்லாதபோது எதற்குப் பிரிய வேண்டும் என்று கேட்டார்கள்.

"புள்ள என்னைப் பாத்துப் பயப்படுது" என்றார் அண்ணி. "பயந்த வயித்துல சோறு எறங்காது. நான் போயிர்றேன்."

பெரியவர்கள் இன்னும் ஏதேதோ கேட்டார்கள். அவர் எழுந்து துணிகளை எடுத்துவைக்கப் போனார். எதையும் கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை. ஒரு பையோடு துவரங்குறிச்சிக்குப் போய்விட்டார். யாஸ்மின் என் வீட்டில் என் பிள்ளைகளோடு வளர்ந்தாள். என் வீட்டிலும் பால் வாங்குவது நின்றது. அண்ணன் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

யாஸ்மின் காலேஜ் சேர்ந்த வருஷம், துணி மடித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று கேட்டாள்.

"குப்பி, அந்தக் கட்டி நெசமாவே என் வயித்துல இருந்து வந்ததா?"

"இல்லம்மா. அந்த ஆளு கையில ஒளிச்சு வெச்சிருந்தது. அது அவனுக்குப் பொழப்பு."

"எனக்கும் தெரியும். ரொம்ப நாளாவே தெரியும்" என்றாள். மடித்த துணியை உதறித் திரும்ப மடித்தாள். "தெரிஞ்சு என்ன? கனவுல வருது. அந்த எலையில அது கெடக்குது."

அவளாகத்தான் சின்னம்மாவைப் பார்க்க வேண்டும் என்றாள். போன் போட்டால் வர வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று சொல்லாமலே போனோம். துவரங்குறிச்சியில் அனாதைப் பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கிற விடுதி ஒன்றில் அண்ணி சமையல் செய்துகொண்டிருந்தார். கண்ணாடி போட்டிருந்தார். கன்னத்து எலும்பு தெரிந்தது. யாஸ்மினை உடனே அடையாளம் கண்டுவிட்டார் என்று நினைக்கிறேன். கை ஒரு கணம் நின்றது.

"வாங்க அக்கா" என்றார். பிறகு அவளிடம், "வயித்து வலியெல்லாம் வருதா?" என்றார்.

"இல்ல சின்னம்மா."

"சாப்புடுறியா? பருப்பும் கீரையுந்தான்."

யாஸ்மின் தலையை ஆட்டினாள். பிள்ளைகள் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். நாங்களும் அவர்களோடு பாயில் உட்கார்ந்தோம். அண்ணி எல்லோருக்கும் போட்டுக்கொண்டே வந்து, அவள் தட்டிலும் சோறு வைத்துப் பருப்பை ஊற்றினார். யாஸ்மின் பிஸ்மி சொன்னாள். பிசைந்தாள். ஒரு கவளம் உருட்டினாள். கை வாய்க்கு வரவில்லை. மார்புவரை வந்து நின்றுவிட்டது. மறுபடி தட்டில் வைத்து உருட்டினாள். மறுபடியும் அப்படியே. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டி அந்தச் சோற்றிலேயே விழுந்தது.

"தப்பா நெனைக்காதீங்க சின்னம்மா. எனக்கு எல்லாம் தெரியும். கைதான் வரமாட்டேங்குது."

அண்ணி குனிந்து அவள் விரலிலிருந்த சோற்றைத் தட்டில் வழித்துவிட்டார். சொம்புத் தண்ணீரில் அவள் கையைக் கழுவிவிட்டார். முந்தானையால் துடைத்தார்.

"விடு. பரவாயில்ல" என்றார்.

பிறகு வேறொரு தட்டில் சோறு வைத்து என் முன்னால் தள்ளினார். "அக்கா, நீங்க பிசைஞ்சு குடுங்க. பசியோட போகக் கூடாது."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நான் பிசைந்து உருட்டி ஒவ்வொன்றாக வாயில் வைத்தேன். அழுதுகொண்டே யாஸ்மின் தின்றாள். உள்ளே பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் எழுந்தபின், போயிட்டு வர்றோம் அண்ணி என்று நான் குரல் கொடுத்தபோதும் அந்தச் சத்தம் நிற்கவில்லை.